கிணற்று மோட்டாரும் வெந்நீர்த் தொட்டியும்: மின்கசிவுப் பாதுகாப்பின் சமூக வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கிழக்கு விளிம்பில் அமைந்த ஊர் குன்னத்துகால். அதற்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோட்டுப் பகுதி தொடங்குகிறது. குன்றும் பள்ளமுமான நிலம், சரிவுகளில் ரப்பர், தாழ்வில் வாழை, வீட்டுக்கு வீடு கிணறு என எல்லைக்கு இருபுறமும் ஒரே தோற்றந்தான். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மறு ஆண்டே இரு மாநிலங்களிலும் தனித்தனி மின்வாரியங்கள் தோன்றின. கேரள மாநில மின்வாரியமும் சென்னை மாநில மின்வாரியமும் 1957இல் பிறந்தவை. ஒரே அரசின் குடிகளாயிருந்தோர் இரு வாரியங்களின் நுகர்வோராயினர்.

வாரியம் இரண்டானாலும் மின்சாரத்துக்கான பேச்சுச்சொல் ஒன்றாகவே இருந்தது. எல்லைக்கு இப்பால் 'கரண்டு', அப்பால் 'கறண்டு'. இப்பால் 'ஷாக்கடித்தது', அப்பால் 'ஷோக்கடிச்சு'. இரு மொழிகளும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கி ஒரே அச்சத்தைச் சொல்கின்றன. அந்த அச்சம் பெரும்பாலும் நீரை ஒட்டியது: கிணற்று மோட்டார், குளியலறைச் சுவரின் கெய்சர், வாளியில் தொங்கும் ஹீட்டர் ராடு, மழையில் நனைந்த சுவிட்ச் போர்டு.

இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரையில் கோவளம், பூவாறு முதலிய இடங்களில் சுற்றுலா விடுதிகள் எழுந்துள்ளன. திறந்தவெளியில் வெந்நீர்த் தொட்டி அமைப்பது இத்தகைய விடுதிகளின் வசதிகளுள் ஒன்றாக உலகெங்கும் பரவியுள்ளது. 'ஜகுசி' என்ற வணிகப்பெயர் பொதுப்பெயராகிவிட்டது. அந்தத் தொட்டிக்கும் குன்னத்துகால் போன்ற ஊரின் வெந்நீர் வாளிக்கும் இயற்பியல் ஒன்றே. நீர், மின்சாரம், வெறுங்காலோடு நிற்கும் மனித உடல் ஆகிய மூன்றும் இரண்டிலும் சந்திக்கின்றன. ஆயினும் இவ்விரண்டையும் சட்டம் நெடுங்காலம் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. அந்த வேறுபாடு எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

1. தொட்டி கேட்பது என்ன?

ஜகுசி என்பது கலிபோர்னியாவில் குடியேறிய இத்தாலியக் குடும்பமொன்றின் பெயர். அக்குடும்பத்தார் முதலில் விமான உந்துவிசிறிகளும், 1920களில் கிணற்று நீர் இறைக்கும் ஜெட் பம்புகளும் செய்தவர்கள். மூட்டுவாதத்தால் துன்புற்ற தம் மகனின் நீர்ச்சிகிச்சைக்காக காந்திதோ ஜகுசி அந்தப் பம்பு நுட்பத்தைக் குளியல் தொட்டிக்கு ஏற்றவாறு மாற்றினார். குளியல் தொட்டியில் இறக்கி வைக்கத்தக்க பம்பு 1956இல் விற்பனைக்கு வந்தது. 1968இல் ராய் ஜகுசி, நீர்த்தாரைகள் தொட்டிச் சுவரிலேயே அமைந்த சுழல்நீர்த் தொட்டியை உருவாக்கினார். ஆகவே விடுதியின் ஆடம்பரத் தொட்டி, மரபுவழியில் விவசாயியின் கிணற்று மோட்டாருக்கு உறவுமுறையே.

இத்தகைய தொட்டியின் வெப்பமூட்டி பொதுவாக 3 முதல் 6 கிலோவாட் வரை மின்சாரம் எடுக்கும். இந்தியாவின் 230 வோல்ட் மின்னழுத்தத்தில் அது ஏறத்தாழ 13 முதல் 26 ஆம்பியர் வரையாகும். பம்பும் காற்றூதியும் இதற்கு மேற்பட்டவை. எனவே அதற்கென மெயின் போர்டிலிருந்து தனி மின்சுற்றும், மண்ணுக்கடியில் குழாய்க்குள் செல்லும் தக்க தடிமனுள்ள கேபிளும் வேண்டும். தொட்டியில் இருப்பவர் கைக்கு எட்டாததும், பழுது பார்ப்பவர் கண்ணில் படுவதுமான இடத்தில் துண்டிப்பு சுவிட்சும் வேண்டும்.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதிகள் நீச்சல் குளத்தைச் சூழ்ந்த இடத்தை மண்டலங்களாகப் பிரிக்கின்றன. நீர் நிற்கும் உட்பகுதி சுழிய மண்டலம். விளிம்பிலிருந்து 2 மீட்டர் தொலைவும் 2.5 மீட்டர் உயரமும் கொண்டது முதல் மண்டலம். அதற்கு அப்பால் 1.5 மீட்டர் வரை இரண்டாம் மண்டலம். நீருக்குள் எரியும் விளக்குக்கு 12 வோல்ட்டுக்கு மேற்படாத மாறுமின்னோட்டம் போதும் என்பது இவ்விதிகளின் போக்கு. தொட்டியைச் சுற்றியுள்ள கைப்பிடி, நீர்க்குழாய், தளத்தின் கம்பி முதலிய உலோகங்கள் யாவும் ஒன்றோடொன்று தடித்த செப்புக் கம்பியால் பிணைக்கப்பட வேண்டும். மின்னழுத்தம் இருப்பதைக் காட்டிலும் மின்னழுத்த வேறுபாடு இருப்பதே உடலுக்குத் தீங்கு. கைக்கு எட்டும் பொருள்கள் யாவும் ஒரே மட்டத்தில் இருந்தால் உடல் வழியே பாய மின்சாரத்துக்குக் காரணமில்லை. இவற்றுக்கெல்லாம் மேலான காவலாக 30 மில்லி ஆம்பியர் அளவில் இயங்கும் மின்கசிவுத் தடுப்பான் அமையும்.

இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இல்லாதிருந்து, விபத்துகளின் வழியே கற்றுச் சேர்க்கப்பட்டது.

2. ப்யூஸ் எதைக் காக்கிறது?

மின்கம்பி அமைப்புக்கான முதல் பிரித்தானிய விதித்தொகுப்பு 1882இல் வெளிவந்தது. தந்திப் பொறியாளர் சங்கம் வெளியிட்ட அந்தத் தொகுப்பின் தலைப்பே அதன் நோக்கத்தைக் கூறிவிடுகிறது: மின்விளக்கால் நேரும் தீ அபாயத்தைத் தடுப்பதற்கான விதிகள் அவை. அமெரிக்காவில் 1897இல் உருவான தேசிய மின் விதித்தொகுப்பின் பின்னாலும் தீக்காப்பீட்டு நிறுவனங்களின் அக்கறை இருந்தது. மின்பாதுகாப்பு என்ற சிந்தனையின் தொடக்கத்தில் இருந்தது கட்டடம். உடல் பின்னர்தான் வந்தது.

ப்யூஸ் கட்டை அந்தச் சிந்தனையின் கருவி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் கம்பி சூடேறித் தீப்பிடிப்பதற்கு முன் மெல்லிய கம்பி உருகி மின்னோட்டத்தைத் துண்டிக்கும். கம்பியையும் கூரையையும் அது காக்கும். மனிதரைக் காக்குமா என்பதற்கு எளிய கணக்கொன்று போதும். நனைந்த தோலோடு நிற்கும் உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். வீட்டு விளக்குச் சுற்றின் 5 ஆம்பியர் ப்யூஸ் இதைப்போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட மின்னோட்டத்தையும் அமைதியாக அனுமதிக்கும். ஒருவர் உயிரிழக்கும் அளவு மின்சாரம் ப்யூஸின் கணக்கில் ஒரு சிறிய குண்டு பல்பின் செலவே.

உடலின் கணக்கை எடுத்தவர்கள் வேறு துறையினர். வியன்னாவின் மருத்துவர் ஸ்டெஃபான் எலினெக் மின்விபத்துகளில் காயமுற்றோரையும் இறந்தோரையும் ஆராய்ந்து, மின்நோயியல் என்ற துறைக்கே அடித்தளமிட்டார். விபத்துக்குக் காரணமான கருவிகளையும் கருகிய கம்பிகளையும் திரட்டி அருங்காட்சியகம் அமைத்தார். 1931இல் மின்பாதுகாப்பை 132 படங்களின் வழியே விளக்கும் நூலை வெளியிட்டார். படிப்பறிவை நம்பாமல் படத்தை நம்பியது அந்த முயற்சியின் சிறப்பு.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களைக் கொண்டு 'விடுபடு மின்னோட்டம்' என்பதை அளந்தார். மின்கம்பியைப் பற்றிய கை, தசை இறுகி விட முடியாமல் போகும் எல்லை அது. ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரும் பெண்களுக்குச் சராசரியாக 10.5 மில்லி ஆம்பியரும் ஆக அந்த எல்லை அமைந்தது. 'கரண்டு பிடித்துக்கொண்டது' என்று நம் ஊர்களில் சொல்வதன் அளவை இது. வீட்டில் நீரோடும் ஈரத்தோடும் அதிக நேரம் புழங்குவோர் பெண்கள் என்பதையும், அவர்களுக்கான எல்லை தாழ்ந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால் இந்த எண்கள் சமூக வரலாற்றுக்கும் உரியவையாகின்றன.

3. சுரங்கத்தின் வழியும் குளத்தின் வழியும்

உடலைக் காக்கும் கருவியின் கருத்து எளிது. மின்சாரம் ஒரு கம்பியில் சென்று மறு கம்பியில் திரும்புகிறது. சென்ற அளவும் திரும்பிய அளவும் சமமாயின் குறையில்லை. திரும்பியது குறைந்தால், குறைந்த பகுதி வேறெங்கோ, ஒருவேளை ஓர் உடல் வழியாக, மண்ணுக்குச் சென்றிருக்கிறது. இரு கம்பிகளும் ஒரு காந்த வளையத்தினூடே செல்லும்போது இந்த வேறுபாடு வளையத்தில் உணரப்படும். உடனே நொடியின் சிறு பின்னத்துக்குள் சுற்று துண்டிக்கப்படும். வரவையும் செலவையும் ஒப்பிட்டுக் கணக்கு இடிக்கும் கணத்தில் பெட்டியைப் பூட்டும் கணக்கப்பிள்ளையின் வேலை இது.

இரு உலகப் போர்களுக்கு இடையில் ஐரோப்பாவில் வேறொரு வகை வழங்கியது. அது கருவியின் உலோக உடலில் ஏறும் மின்னழுத்தத்தை உணர்ந்து துண்டித்தது. கம்பியை நேராகத் தொட்டவரை அதனால் காக்க இயலவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் இன்றும் புதிய கருவியையே 'இ.எல்.சி.பி.' என்ற பழைய பெயரால் அழைக்கும் வழக்கம் அந்தத் தலைமுறையின் எச்சம்.

வேறுபாட்டை உணரும் கருவி 1950களின் நடுப்பகுதியில் தென்னாப்பிரிக்காவில் உருப்பெற்றது. அங்கு ஹென்றி ரூபின் வடிவமைத்த முதல் வகை 250 மில்லி ஆம்பியரில் இயங்கியது. அது தங்கச் சுரங்கங்களின் ஈரமான சுரங்கப்பாதைகளுக்காக உருவானது. அதன்பின் வீடுகளுக்கேற்ப 20 மில்லி ஆம்பியர் வகை வந்தது. அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் காட்ஃபிரீட் பீகல்மையரும் இத்துறையில் முன்னோடியாக உழைத்தார். அமெரிக்காவில் டால்சீல் தாம் அளந்த உடலியல் எல்லைகளை அடிப்படையாக்கி 5 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவியை 1960களின் தொடக்கத்தில் உருவாக்கினார். 1968இல் அமெரிக்க விதித்தொகுப்பு நீச்சல் குளத்தின் நீரடி விளக்குகளுக்கு இதை வேண்டியது. 1970களில் வீட்டின் வெளிப்புறப் பிளக்குகளுக்கும் குளியலறைகளுக்கும் விரிந்தது.

கருவி ஒன்றேயாயினும் சட்டத்துக்குள் நுழைந்த வாசல்கள் இரண்டு. தென்னாப்பிரிக்காவில் தொழிலாளியின் சுரங்கம் ஒரு வாசல். அமெரிக்காவில் வசதியுள்ளோரின் குளம் மறு வாசல். இரு நாடுகளிலும் தேர்வின் அடிப்படை இடம் ஒன்றே: எங்கே நீரும் மண்ணும் உடலும் சேருகின்றனவோ அங்கே கருவி. இந்தியா வேறோர் அளவுகோலைத் தேர்ந்தது.

4. திருவிதாங்கூரின் மின்சாரம்

திருவனந்தபுரம் நகரில் 1929இல் பொது மின்வழங்கல் தொடங்கியது. முதிரப்புழை ஆற்றின் நீரைக் கொண்டு பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கலாயிற்று. அது முழுமையுற்றபோது 37.5 மெகாவாட் திறன் பெற்றது. திவான் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சிக்காலத்தில் அந்த மின்சாரம் முதன்மையாக ஆலைகளையும் நகரங்களையும் நோக்கிச் சென்றது. ஆலுவாய் வட்டாரத்தின் அலுமினிய ஆலை அதன் அடையாளம். குன்னத்துகால் போன்ற சிற்றூர்களுக்கு அது இன்னும் தொலைவில் இருந்தது. எல்லைக்கு மறுபுறம் பேச்சிப்பாறை அணை 1906 முதலே பாசனத்துக்கு நீர் தந்தது. அதே கோதையாற்றின் மேற்பகுதியில் மின்நிலையங்கள் எழுந்ததோ 1970களின் தொடக்கத்தில்.

திருவிதாங்கூர் சுதேச அரசாதலால் பிரித்தானிய இந்தியாவின் 1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அங்குத் தானாகச் செல்லுபடியாகவில்லை. இந்திய ஒன்றியத்தில் இணைந்த பின்னரே இரு பகுதிகளும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. 1956இல் இந்திய மின்சார விதிகள் வெளிவந்தன. மொழி எல்லை பிரித்த அதே ஆண்டில் மின்விதி இரு பக்கத்தையும் ஒன்றாக்கியது.

சுவர்களில் அன்று ஓடியது மரப்பட்டையின்மேல் கிளிப்பால் பதிக்கப்பட்ட ரப்பர் உறைக் கம்பி. பிளாஸ்டிக் உறை பரவும்வரை மின்கடத்தாப் பொருளாக ரப்பரே ஆண்டது. குன்றுச் சரிவுகளில் ரப்பர் பால் வடித்த மக்களின் வீடுகளில், அதே பாலின் பதப்படுத்திய வடிவம் மின்சாரத்துக்கும் மனிதருக்கும் இடையே நின்றது. ரப்பர் உறை ஆண்டுகள் செல்லச்செல்ல வறண்டு வெடிக்கும் இயல்பினது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நனைக்கும் இந்நிலத்தில் வெடித்த உறைக்குள் ஈரம் புகும். கசிவு அங்கேதான் பிறக்கிறது.

5. செம்மண்ணும் எர்த் குழியும்

கசிவு பிறந்தால் அதைக் கொண்டுசெல்ல நில இணைப்பு உள்ளது என்பது பொதுநம்பிக்கை. இந்த நம்பிக்கையின் எல்லையை மண்ணே வகுக்கிறது.

வழங்குநர் தம் நில இணைப்பு முனையை நுகர்வோரின் பயன்பாட்டுக்குத் தரவேண்டும் என 1956 விதிகளின் 33ஆம் விதி கூறியது. நடைமுறையில் சிற்றூர் வீடுகளில் வீட்டார் தாமே முற்றத்தில் தோண்டிய குழியும், அதில் இறக்கிய இரும்புக் குழாயும், சுற்றிலும் இட்ட உப்பும் கரியுமே எர்த். வெட்டுக்கல் கலந்த செம்மண், மழைக்காலத்தில் ஈரம் தாங்கி ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். பங்குனி, சித்திரையில் வறண்டு கடத்த மறுக்கும்.

கணக்கு இவ்வாறு அமையும். எர்த் குழியின் தடை 20 ஓம் எனக் கொள்க. கெய்சரின் உள்ளிருக்கும் கம்பி அதன் உலோக உறையைத் தொட்டுவிட்டால் மண்ணுக்குச் செல்லும் மின்னோட்டம் 230ஐ 20ஆல் வகுத்த 11.5 ஆம்பியர். கெய்சரின் 16 ஆம்பியர் ப்யூஸ் இதற்கு உருகாது. எர்த் இருக்கிறது, ப்யூஸ் இருக்கிறது, இரண்டும் பழுதின்றி இருக்கின்றன. ஆயினும் கெய்சரின் உறையும் அதனோடு தொடர்புள்ள குழாயும் உயிர்க்கொல்லி மின்னழுத்தத்தில் நின்றுகொண்டே இருக்கும். நீரைத் திறக்க யாரேனும் கை நீட்டும்வரை அது தெரியாது.

அதே வீட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இருந்தால், எர்த் குழியின் தடை 1,000 ஓமாகவே கெட்டிருந்தாலும் 230 மில்லி ஆம்பியர் கசியும். துண்டிக்க அது தாராளமாகப் போதும். அதாவது, நல்ல மண் வாய்க்காத இடத்தில், நல்ல குழி தோண்டப் பணம் இல்லாத வீட்டில், இந்தக் கருவியின் தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

6. ஐந்து கிலோவாட் கோடு

1956 விதிகளில் பின்னர் 61-அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. மண்ணுக்குக் கசிவு நேர்ந்த கணமே மின்வழங்கலைத் துண்டிக்கும் கருவி மின்நிறுவல்களில் இருக்கவேண்டும் என அது கட்டளையிட்டது. இந்தியப் பாதுகாப்பு வரலாற்றில் இது பெரிய அடிவைப்பு. ஆனால் அதே விதி ஒரு விலக்கையும் தந்தது: குறைந்த மின்னழுத்தத்தில் 5 கிலோவாட்டுக்குக் கீழுள்ள நிறுவல்களுக்கு இது கட்டாயமன்று. 2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஐந்து கிலோவாட் கோடு அவற்றின் 42ஆம் ஒழுங்குமுறையிலும் தொடர்ந்தது.

இந்தக் கோட்டின் இருபுறமும் யார் நின்றனர் என்று பார்க்கலாம். வெப்பமூட்டி, பம்பு, குளிர்சாதனங்கள் கொண்ட விடுதி கோட்டுக்கு மேல் நின்றது. அதன் வெந்நீர்த் தொட்டியில் இறங்குபவரைச் சட்டம் காத்தது. இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, வாளியில் தொங்கும் 1 அல்லது 1.5 கிலோவாட் ஹீட்டர் ராடு என்று அமைந்த வீடு கோட்டுக்குக் கீழ் நின்றது. தமிழ்நாட்டில் ஒற்றை விளக்குத் திட்டத்தில் மின்சாரம் பெற்ற குடிசைகள் கோட்டுக்கு வெகுகீழே நின்றன.

விலக்குக்கு ஆதரவான நியாயங்கள் இல்லாமலில்லை. கருவியின் விலை அன்றைய சிறு வீட்டின் ஒயரிங் செலவோடு ஒப்பிடுகையில் மிகுதி. எல்லா ஊர்களுக்கும் விரைந்து மின்சாரம் சேர்ப்பதே அரசுகளின் முதல் இலக்கு. ஒவ்வோர் இணைப்பின் செலவும் கூடினால் அந்த இலக்கு பின்தள்ளும். ஈரம் ஏறிய பழைய ஒயரிங்கில் கருவி அடிக்கடி 'டிரிப்' ஆகும், வீட்டார் அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடுவர் என்ற அச்சமும் பொய்யன்று. கேரளம் முழுமையான மின்மயமாக்கலை 2017இல் அறிவிக்க முடிந்ததற்கும், தமிழ்நாடு சிற்றூர் மின்மயத்தில் முன்னின்றதற்கும், தொடக்கச் செலவைத் தாழ்வாக வைத்திருந்ததும் ஒரு காரணம் என வாதிடலாம்.

இந்த வாதங்கள் செலவை விளக்குகின்றன. அளவுகோலை நியாயப்படுத்தவில்லை. கசிவு மின்சுமையைப் பொறுத்ததன்று. 6 கிலோவாட் தொட்டியிலிருந்து கசியும் 100 மில்லி ஆம்பியரும் ஒரு மின்விசிறியின் உறையிலிருந்து கசியும் 100 மில்லி ஆம்பியரும் இதயத்துக்கு ஒன்றே. மின்சுமை என்பது வீட்டின் வசதியை அளக்கும் அலகு. அபாயத்தை அளக்கும் அலகுகள் ஈரம், வெறுங்கால், பழைய கம்பி, வறண்ட எர்த் ஆகியவை. இந்த நான்கும் கோட்டுக்குக் கீழேதான் மிகுந்திருந்தன. அடிக்கடி டிரிப் ஆகும் வீடு கருவி தேவைப்படாத வீடன்று. கசிவு இருப்பதால்தான் அங்குக் கருவி டிரிப் ஆகிறது.

இவ்விடத்தில் 1882இன் நிழல் தெரிகிறது. அன்று பாதுகாப்பு உடைமையைச் சுற்றி வரையறுக்கப்பட்டது. பின்னர் எலினெக்கும் டால்சீலும் ரூபினும் அதை உடலைச் சுற்றி மறுவரையறை செய்தனர். உடலுக்காகப் பிறந்த கருவி இந்திய விதிக்குள் நுழைந்தபோது, அதன் நுழைவுச்சீட்டு மறுபடி உடைமையின் அலகால் அளக்கப்பட்டது. யாரும் ஏழையை விலக்க எண்ணி இந்த விதியை எழுதினர் எனக் கொள்ளவேண்டியதில்லை. நிர்வாகத்துக்கு எளிதில் கிடைக்கும் எண் மின்சுமை. விண்ணப்பப் படிவத்திலேயே அது இருக்கிறது. முற்றத்து மண்ணின் ஈரத்தையும் கம்பியின் வயதையும் எழுதப் படிவத்தில் கட்டமில்லை. எளிதில் அளக்கத்தக்கதை அளந்து, அளக்கவேண்டியதை விட்டுவிடுவது ஆட்சியியலின் பழைய பிழை.

7. கருவியின் எல்லையும் வரலாற்றாசிரியரின் வேலையும்

2010 ஒழுங்குமுறைகளின் இடத்தில் 2023இல் புதியவை வந்துள்ளன. விதியின் கோடு எங்கு நகர்ந்தாலும், பல பத்தாண்டுகளாகக் கட்டப்பட்ட வீடுகளின் சுவர்களுக்குள் பழைய விதியே கம்பியாக ஓடிக்கொண்டிருக்கிறது. புதிய இணைப்புக்குரிய கட்டளை பழைய இணைப்பைத் தானாகத் திருத்துவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் அண்மைக்காலத்தில் ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறக்கின்றனர். இவை யாவும் வீட்டுக் கசிவால் நேர்ந்தவை அல்ல. அறுந்து விழுந்த கம்பி, உயரழுத்தக் கம்பியைத் தொட்ட ஏணி, வயலில் இட்ட மின்வேலி ஆகியவையும் இதில் அடங்கும். அவற்றை வீட்டுப் போர்டில் உள்ள தடுப்பான் தடுக்காது. பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரப் பற்றியவரையும் அது காக்காது. அப்போது சென்றதும் திரும்பியதும் சமம். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காவிடில் அது பழுதாகி நிற்பதையும் யாரும் அறியார். கருவியை மந்திரத் தாயத்தாகக் கருதுவதும், வேண்டாத செலவாகக் கருதுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

இத்துறையில் மாணவர் செய்யத்தக்க பணி நிறைய உண்டு. மின்மயமாக்கலின் வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாக எழுதப்பட்டுள்ளது: பைக்காரா, மேட்டூர், பாபநாசம், பள்ளிவாசல், இடுக்கி. அணையிலிருந்து மின்கம்பம் வரை ஆவணம் கிடைக்கிறது. கம்பத்திலிருந்து வாளி வரையிலான இறுதிச் சில மீட்டர்கள் எழுதப்படவில்லை. குன்னத்துகால் போன்ற எல்லையூர் அதற்கு உகந்த ஆய்வுக்களம். ஒரே மண், ஒரே மழை, ஒரே வகை வீடு. ஆனால் 1957 முதல் இரு வாரியங்கள், இரு உரிம முறைகள், இரு மின்கட்டண வரலாறுகள். ஒன்று வேறாகவும் ஏனையவை ஒன்றாகவும் அமைந்த இத்தகைய இணைகள் சமூக அறிவியலில் எளிதில் வாய்ப்பதில்லை. மின்ஆய்வுத் துறைகளின் ஆண்டறிக்கைகள், ஊராட்சிக் கோப்புகள், மரப்பட்டை ஒயரிங் காலத்திலிருந்து இன்றுவரை தொழில் செய்த வயர்மேன்களின் நினைவுகள் ஆகியவை அதற்கான சான்றுகள். முதல் தலைமுறை வயர்மேன்கள் முதுமையடைந்துவிட்டனர் என்பதால் இவற்றுள் கடைசியானதே அவசரமானது.

அந்த ஆய்வு எழுதப்படும்போது அதன் மையக் கேள்வி மின்சாரம் எந்த ஆண்டில் வந்தது என்பதாக மட்டும் இருக்கலாகாது. வந்த மின்சாரம் ஈரக்கையோடு அதை அணுகியவரை எவ்வாறு நடத்தியது, அவருடைய வீட்டைச் சட்டம் எந்த எண்ணால் அளந்தது என்பனவும் கேட்கப்பட வேண்டும். விடுதியின் வெந்நீர்த் தொட்டிக்கு வகுக்கப்பட்ட மண்டலங்களும் பிணைப்புகளும் தடுப்பானும் மிகையானவை அல்ல. நீரருகே மின்சாரம் வைக்கப்படும் எவ்விடத்துக்கும் குறைந்தபட்சத் தேவை எது என்பதை அவை காட்டுகின்றன. கிணற்றடியும் குளியலறையும் அந்த இடங்களில் அடங்குபவையே.